பெயர் எழுதிய வீட்டுக்குப் போகாத கடிதம்

ஒரு பெண் பதினான்கு வருஷம் கண்விழித்துச் சம்பாதித்த நல்ல பெயரின் விலை, 1987 ஏப்ரலில், டர்ஹாம் நகரில், மாதம் ஐந்து டாலர். பேரம் கிடையாது. ரசீது கிடையாது. அட்வான்ஸ்கூடக் கேட்கவில்லை.

விலையைக் கேட்டு வெண்டல் ஓட்ஸுக்கே வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் புகையிலைக் கிடங்கில் ஏலம் கூவியவர் அவர். மழையில் நனைந்து பூசணம் பூத்த இலையைக்கூட இதைவிடக் கௌரவமான விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். அறுபது வயதில் தொண்டை கைவிட்டபோது துப்பறியும் ஆர்லீன் ட்ரக்கரிடம் உதவியாளராக ஒட்டிக்கொண்டார். தொண்டைதான் போனது, வாய் போகவில்லை என்பது ஆர்லீனின் நிரந்தரப் புகார்.

ஐந்து டாலர் விவரம் தெரியவந்தது பதினொரு மணிக்கு. வழக்கு வந்தது ஒன்பது மணிக்கு.

லொரெட்டா கிம்பால் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவள். முப்பத்தாறு வயது. இரவெல்லாம் தூங்காத முகம். கூடவே கணவன் ரஸல், அவளுடைய கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் நடுவில் பன்றித்தொடை வைத்த, பன் மாதிரியான பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். ஆறேழு வருஷத்துக் கணவன்மார்களில் இப்படி ஒருத்தனைப் பார்ப்பது அபூர்வம் என்று வெண்டல் நினைத்தார். பிஸ்கட்டும் சூடாக இருந்தது.

விஷயம் இதுதான். அன்று மாலை நான்கு மணிக்குக் கல்லூரிக் குழு கூடி, லொரெட்டாவுக்கு நிரந்தர வேலையா, வீட்டுக்கு வழியா என்று முடிவு செய்யப்போகிறது. பதினோரு நாளுக்கு முன்பு, கணினி வலையில் கணிதக்காரர்கள் கூடிப் பேசும் செய்திக்குழுவில் அவள் பெயரில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. 'என் பெயரில் வெளியான நிரூபணம் என்னுடையதல்ல. காலமான என் ஆசிரியரின் நோட்டிலிருந்து எடுத்தேன். மனசாட்சி உறுத்துகிறது. இதைக் குழுவில் விவாதிக்க வேண்டாம். சொல்ல விரும்புவதைக் கீழே உள்ள விலாசத்துக்குத் தனியே எழுதுங்கள்.'

அவள் எழுதவில்லை. அதைவிட மோசம், அவள் பார்க்கவே இல்லை. தினமும் காலையில் அந்தக் குழுவைப் படிப்பவள்தான். அவள் படிக்கும் கல்லூரிக் கணினிக்கு அந்தக் கடிதம் வந்து சேரவே இல்லை. மிச்சிகனிலிருந்து யாரோ ஒரு நண்பர் அச்செடுத்துத் தபாலில் அனுப்ப, நேற்று மாலை கல்லூரிக் குழுத் தலைவர் அதை அவள் மேஜையில் வைத்தார். பதினோரு நாளாக உலகமே அவளுக்கு எழுதியதாம், பதிலே இல்லையாம். வாய் திறக்காதவள் குற்றவாளி என்பதற்குக் கணிதக்காரர்களுக்கும் நிரூபணம் தேவைப்படவில்லை.

"வேலை போனா போகட்டும். செத்தவர் வீட்டுல திருடினேன்னு நினைக்கிறாங்க. அதோட என்னால எங்கயும் போய் வாழ முடியாது" என்றாள் லொரெட்டா.

ரஸல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். மே மாதம் சியாட்டிலில் புது வேலைக்குச் சேரவேண்டியவன், எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நிற்கிறான். சந்தேகத்தையும் அவனே பரிமாறினான். அதே பதவிக்குக் காத்திருக்கும் இன்னொருவர் கிளைட் வார்லிக். பார்க்கிங் இடத்துக்குக்கூட அவளோடு சண்டை பிடித்தவர்.

"மிஸ் ஆர்லீன், நாலு மணி வரைக்கும் எதுக்கு? கிளைட் வார்லிக்கை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சிடலாம்" என்றார் வெண்டல்.

"ஏலம் இன்னும் ஆரம்பிக்கல, வெண்டல். சுத்தியலைக் கீழ வைங்க."

ஆர்லீன் இருபது வருஷம் டெலிபோன் கம்பெனியில் கள்ள அழைப்புகளைப் பிடித்தவள். கம்பி வழியாக வரும் பொய்க்கு ஒரு வாடை உண்டு என்பாள். போகிற வழியில் வெண்டலுக்கு யூஸ்நெட் என்ற இந்தக் கணினி வலையைப் புரியவைத்தாள். இதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது, முதலாளி கிடையாது. கல்லூரிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று ஆங்காங்கே கணினிகள். ஒவ்வொன்றும் தனக்குப் பழக்கமான நாலைந்து கணினிகளுக்கு ஃபோன் போட்டு, தன்னிடம் உள்ள புதுக் கடிதங்களைக் கொடுத்து, அவர்களிடம் உள்ளதை வாங்கிக்கொள்ளும். அவர்கள் தங்களுக்குப் பழக்கமானவர்களுக்கு. இரண்டு மூன்று நாளில் மெல்போர்ன்வரை போய்விடும்.

"சர்ச் வாசல்ல வம்பு பரவுற மாதிரி" என்றார் வெண்டல்.

"அதேதான். ஆனா இந்த வம்புக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கை மாறும்போது ஒவ்வொரு வீடும் கடிதத்து மேல தன் பேரை எழுதும். கடிதம் பிறந்த வீடு வரியோட கடைசியில, அப்புறம் வாங்கினவங்க ஒவ்வொருத்தரா அதுக்கு முன்னாடி. அடுத்த வீட்டுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி பட்டியலைப் பாக்கும். அந்த வீட்டுப் பேர் ஏற்கெனவே இருந்தா, அவங்க பாத்துட்டாங்கன்னு அர்த்தம். கொடுக்காது. வீணா ரெண்டாவது தடவை அனுப்பினா ஃபோன் பில் யார் கட்டறது?"

மிச்சிகன் அச்சுப்பிரதியில், கடிதத்துக்கு மேலே, யாரும் படிக்காத அந்த வரியில் ஏழு பெயர்கள் இருந்தன. கடைசி மூன்று: கிரேவி, மஸ்கடைன், ராக்கூன். ராக்கூன் என்பது லொரெட்டாவின் கல்லூரிக் கணினி. கணினிக்கு இப்படிப் பெயர் வைப்பவர்கள் பிள்ளைகளுக்கு என்ன வைப்பார்கள் என்று வெண்டல் கவலைப்பட்டார்.

கிரேவி இருந்தது பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றில். வெண்டல் நின்று கூவிய அதே தூண் பக்கத்தில் இப்போது குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு ஒரு கணினி நின்று உறுமிக்கொண்டிருந்தது. சொந்தக்காரன் வெர்ஜில் ஸ்டேமி, பழைய கணினி வியாபாரி. மாதம் ஐந்து டாலர் கொடுத்தால் யாருக்கும் கணக்குத் திறந்துகொடுப்பான். அறுபது வாடிக்கையாளர்கள். பாதிப்பேர் ரொக்கம், பாதிப்பேர் புனைபெயர்.

"யார் யாருன்னு எழுதி வைக்கமாட்டியா தம்பி?" என்றார் வெண்டல்.

"வாரா வாரம் அழிச்சிடுவேன் பெருசு. டிஸ்க்ல இடம் இல்ல. அதோட நம்ம ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பறவங்க."

"நம்பினவங்க கூடின இடத்துலதான் நானும் நனைஞ்ச புகையிலை வித்தேன்."

பதில்கள் போய்ச் சேரவேண்டிய விலாசம் கிரேவியிலேயே ஒரு அஞ்சல் பெட்டி என்று வெர்ஜில் தேடிச் சொன்னான். லொரெட்டாவின் பெயரில் யாரோ திறந்தது. அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான். அச்செடுத்த காகிதம் தரைவரை மடிந்து மடிந்து விழுந்தது. வெண்டல் நாலு கடிதம் படித்தார். பிணத்தின் பையில் கைவிட்டவளே என்று ஒன்று. உன் மாணவர்களை நினைத்தால் குமட்டுகிறது என்று ஒன்று. எழுதியவர்கள் எல்லாம் டாக்டர் பட்டத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஐந்தாவதை அவர் படிக்கவில்லை.

ஆர்லீன் கடிதங்களைத் தொடவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த டெலிபோன் நம்பர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெர்ஜில், ராக்கூன் யாருக்கெல்லாம் ஃபோன் போடும்?"

எனக்கு மட்டும்தான் என்றான் அவன். மஸ்கடைன்? அதுவும் அவனுக்கு மட்டும்தான். நூறு மைலுக்கு அப்பால் கின்ஸ்டன் ஊரில் ஒரு நிலஅளவை ஆபீஸ்.

"அப்ப ராக்கூன் வீட்டுக் கடிதம் மஸ்கடைன் வீட்டுக்கு எப்படிப் போச்சு? ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதே."

வெர்ஜில் தலையைச் சொறிந்தான். பிறகு அசிங்கமான ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உண்மையைச் சொன்னான். எழுதுகிறவனே அந்தப் பட்டியலில் முன்கூட்டிப் பெயர்களைத் தட்டச்சு செய்துவிடலாம். கணினி சோதிக்காது. அப்படியென்றால் அந்த இரண்டு பெயரும் பொய். கடிதம் பிறந்தது இங்கே, கிரேவியில்.

வெண்டலுக்கு இப்போது பளிச்சென்றது. ராக்கூன் என்று எழுதியதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவளே எழுதியது போலவும் ஆயிற்று, அவள் கண்ணில் படாமலும் போயிற்று. உலகத்திலுள்ள எல்லா வீட்டுக்கும் போன கடிதம், எழுதியதாகச் சொல்லப்படும் வீட்டில் மட்டும் இல்லை.

"சரி. மஸ்கடைன் எதுக்கு? அந்தப் பேரால ஒரு லாபமும் இல்ல. நஷ்டம்தான். அது இல்லன்னா நான் இங்க நின்னு யோசிச்சிருக்கவே மாட்டேன். செலவு பண்ணி ஒருத்தன் கதவைச் சாத்தறான்னா, உள்ள யாரோ இருக்காங்க" என்றாள் ஆர்லீன்.

வாடிக்கையாளர் பட்டியலில் கிளைட் வார்லிக் சொந்தப் பெயரிலேயே இருந்தார். வெண்டல் அதை விரலால் தட்டிக் காட்டினார். ஆர்லீன் தலையசைத்தாள், ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஒரு அசைப்பு.

கிளைட் வார்லிக்கை ஒரு மணிக்குப் பார்பிக்யூ கடையில் பிடித்தார்கள். வினிகர் சொட்டச் சொட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒளிக்கவில்லை. கிரேவியில் கணக்கு உண்டு என்றார். கடிதத்தை முதல் நாளே படித்ததாகவும், படித்த சந்தோஷத்தில் அன்று மாலை மனைவிக்குப் பூ வாங்கிப்போனதாகவும் சொன்னார். கல்லூரியில் லொரெட்டாவின் அறைக்கு அடுத்த அறைதான் அவருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள் ஆர்லீன்.

"எதுக்குக் கேக்கணும்? பதவி ஒண்ணு, ஆள் ரெண்டு பேர்."

"கின்ஸ்டன்ல உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது. ஏன், அங்க போகலயா அது?" அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நானா இருந்தா ஒரு வீட்டையும் விட்டிருக்கமாட்டேன்."

வெளியே வந்ததும் வெண்டல் குதித்தார். பூ வாங்கிப்போன அயோக்கியன், இவனேதான், கையில் விலங்கு மாட்டவேண்டியதுதான் பாக்கி.

"இவர் இல்ல. இப்ப அவர் வாயாலயே சொன்னாரே, கேக்கலயா? பகையாளி யாரையும் விட்டுவைக்கமாட்டான். விட்டுவைக்கறது வேற ஜாதி."

கடை ஓரத்து டெலிபோனிலிருந்து அவள் கின்ஸ்டனுக்குப் பேசினாள். வெண்டலின் காதில் ஒரு பக்கம்தான் விழுந்தது. அந்தக் கணிதக் குழுவை அங்கே யார் படிப்பது என்று கேட்டாள். ரிடயர் ஆனவரா என்றாள். தினமுமா என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "வேண்டாம்மா, அவரைக் கூப்பிடாதீங்க" என்று ரிசீவரை வைத்தாள். வைத்த கை டெலிபோன் மேலேயே இருந்தது.

"யாராம்?" என்றார் வெண்டல்.

"வண்டியை எடுங்க. கல்லூரிக்கு."

அவர் வழியில் மூன்று ஜோக் சொன்னார். ஒன்றுக்கும் அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டாதது அவரைப் பயமுறுத்தியது.

மூன்றே காலுக்குக் கணிதத் துறைத் தாழ்வாரத்தில், ஒரு மரபெஞ்சில், லொரெட்டாவும் ரஸலும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். ஆர்லீன் எதிரே நின்றபடியே, கடிதம் கிரேவியில் எழுதப்பட்டது என்று சொன்னாள். எழுதியது யார் என்று பதிவேட்டில் இல்லை, அறுபதில் ஒருவர். கல்லூரிக் குழுவிடம் இதைக் காட்டலாம், ஆனால் அந்த அறுபதில் லொரெட்டாவும் ஒருத்தி இல்லை என்று நிரூபிக்க வழியில்லை. லொரெட்டா கண்ணை மூடிக்கொண்டாள். ரஸல், முயற்சி செய்தீர்களே, அதுவே பெரிது என்றான்.

ஆர்லீன் புறப்படுபவள் போலத் திரும்பி, நின்றாள்.

"ஒண்ணு மட்டும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு, மிஸ்டர் கிம்பால். உங்க அப்பா கின்ஸ்டன்ல தினம் காலைல ஆபீசுக்கு வந்து இந்தக் குழுவைப் படிக்கிறாராமே. வேலையை விட்டு நாலு வருஷம் ஆச்சாம், கணக்கு ஒண்ணும் புரியாதாம், மருமகள் பேர் வருதான்னு பாக்கறதுக்காகவே வர்றாராம். வந்தா அச்செடுத்து ஃபைல் போடறாராம். நெஞ்சு வேற சரியில்லையாம். பாவம், இதையும் எடுத்து ஃபைல்ல போட்டிருப்பாரே."

"இல்லை மேம், அப்பாவுக்குத் தெரியாது. அங்க அது போகல" என்றான் ரஸல் சட்டென்று.

வெண்டல் திரும்பி ரஸலைப் பார்த்தார்.

"மெல்போர்னுக்குப் போச்சு. கின்ஸ்டனுக்குப் போகலன்னு யார் சொன்னது?"

"படிச்சிருந்தா எனக்கு ஃபோன் பண்ணியிருப்பாரே."

"பண்ணலன்னா, அவர் படிக்கலன்னு நினைக்கலாம். மறைச்சு வச்சிருக்கார்னு நினைக்கலாம். வெட்கத்துல படுத்துட்டார்னு நினைக்கலாம். மகனா இருந்தா பதினோரு நாளா இந்த மூணுல எதுன்னு பதறிப்போயிருக்கணும். நீங்க நிம்மதியா பிஸ்கட் வாங்கிட்டு வந்தீங்க." ஆர்லீன் அச்சுப்பிரதியை லொரெட்டாவிடம் நீட்டினாள். "மேல இருக்கற வரி. கடைசி மூணு பேர் மட்டும் படிங்க."

லொரெட்டா படித்தாள். அவளுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கணிதக்காரி. கணவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள், வேகமாகக்கூட இல்லை, சுடுபாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல் கவனமாக.

"மஸ்கடைன் மாமாவோட ஆபீஸ். எனக்குத் தெரியக்கூடாது. மாமாவுக்குத் தெரியக்கூடாது. உலகத்துல மிச்சம் எல்லாருக்கும் தெரியலாம்" என்றாள்.

ரஸல் மறுத்துப் பார்க்கவில்லை. வெண்டல் எத்தனையோ தோற்றவர்களைப் பார்த்திருக்கிறார், பலரும் கடைசியில் ஏலக்காரனைத்தான் திட்டுவார்கள். இவன் மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"வேலை கிடைக்காட்டி சியாட்டிலுக்கு வரேன்னு நீதானே சொன்னே? எத்தனை தடவை கூப்பிட்டேன்? ஜெயிச்சா நீ வரமாட்டே, லொரெட்டா. அங்க போயிட்டா யாருக்கு இது ஞாபகம் இருக்கும்னு நினைச்சேன். நீ வந்தாப் போதும்னு நினைச்சேன்."

"திருடியா வந்தாலும் போதுமா?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது என்பதுதான் கொடுமை. போதும் என்றான்.

கல் மாதிரி வறண்ட கொடுமையில் தடயம் விழாது. இவனிடம் அப்பாவுக்கென்று ஒரு கை அகலம் ஈரம் இருந்தது. அந்த ஈரத்தில்தான் கால்தடம் பதிந்துவிட்டது.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. லொரெட்டா எழுந்து, கோட்டை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூடவே ஆர்லீன், கையில் வெர்ஜிலின் டெலிபோன் பட்டியலோடு. ரஸலை வெண்டல் காவல் காத்தார். ஓடிப்போகிற ஆளாக அவன் தெரியவில்லை. ஒரே ஒரு தடவைதான் பேசினான். அப்பாவிடம் சொல்வார்களா என்று கேட்டான். அதுதான் அவனுடைய ஒரே கேள்வியாக இருந்தது.

ஆறேகாலுக்கு முடிவு வந்தது. ரஸலையே உள்ளே கூப்பிட்டுக் கேட்டு, அவனும் ஒப்புக்கொண்ட பிறகு, ஏழு பேர் வாக்களித்தார்கள். நான்கு பேர் லொரெட்டாவுக்கு, மூன்று பேர் எதிராக. அந்த மூவரில் ஒருவர், நெருப்பில்லாமல் புகையுமா என்றாராம். மூவரின் அறையும் அவள் அறை இருக்கும் அதே தாழ்வாரத்தில். இன்னும் முப்பது வருஷம் தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கே லொரெட்டா ராக்கூன் முன்னால் உட்கார்ந்து மறுப்பு எழுதினாள். எட்டு வரி. எழுதியது என் கணவர், பெயர் ரஸல் கிம்பால், ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அதில் ஒரு வரி. ரஸல் கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

"கின்ஸ்டனுக்கு மட்டும் போகாம பண்ணிடு. அந்தப் பேரை மேல சேர்த்துட்டாப் போதும். அப்பா தாங்கமாட்டார்" என்றான்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். அவள் விரல் ஒருமுறை பெயர்ப்பட்டியல் வரிக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு ஒன்றும் சேர்க்காமல் திரும்பி வந்து, அனுப்பும் விசையைத் தட்டியது.

"எல்லா வீட்டுக்கும் போகட்டும்" என்றாள்.

பத்து நாள் கழித்து, கிரேவிப் பெட்டியிலிருந்து எடுத்த அந்தக் காகித மடிப்பை வெண்டல் மேஜையில் வைத்து எண்ணினார். லொரெட்டாதான் கேட்டிருந்தாள். வசைக் கடிதங்கள் இருநூற்றுப் பதினான்கு. எழுதியவர்களின் பெயர்களை ஒரு பக்கம் எழுதினார். மறுப்பு வெளியான பிறகு அவளுக்கு வந்த கடிதங்கள் ஆறு. அவற்றை மறுபக்கம்.

ஆறில் ஐந்து மன்னிப்பு. அதில் இரண்டு ஒற்றை வரி. ஆறாவது மஸ்கடைனிலிருந்து, பெரியவர் ஏமஸ் கிம்பால் எழுதியது. ஒரு விரலால் தட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. அம்மா லொரெட்டா, நான் உன்னைத் திட்டவில்லை, ஆனால் திட்டியதில் பெரிய திட்டு என் வீட்டுப் பிள்ளையுடையது, என்னையும் மன்னிப்புக் கேட்டவர்களில் ஒருவனாக எழுதிக்கொள். உன் காகிதங்களை நான் இன்னும் ஃபைல் போடுகிறேன். அவன் பெயர் வந்த காகிதத்தை எங்கே போடுவதென்று தெரியவில்லை.

வெண்டல் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு யோசித்தார். இந்தக் கிழவர் எந்தப் பக்கம்?

"அவரைக் கணக்குல சேர்க்காதீங்க. கொடுக்கவேண்டியவங்க கொடுத்ததை மட்டும் எழுதுங்க" என்றாள் ஆர்லீன்.

எழுதினார். வசை இருநூற்றுப் பதினான்கு. மன்னிப்பு ஐந்து. பாக்கி இருநூற்று ஒன்பது.